விற்பனைக்கு ஒரு தாழ்ப்பாள்

மூன்றாவதாகப் போன் செய்தவரும் தாழ்ப்பாளைத்தான் விலை கேட்டார் என்று வீட்டுத் தரகர் சொன்னதும், சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் காபித் தம்ளர்களைக் கீழே வைத்தார்கள்.

தரகர் தன் போனை மேசை நடுவில் வைத்தார். அவர் இணையத்தில் போட்டிருந்த விளம்பரம் அதில் தெரிந்தது. மேலே கொட்டை எழுத்தில், 'விசாலமான மாடி வீடு, நல்ல காற்றோட்டம், உடனே விற்பனைக்கு.' அதற்குக் கீழே ஒரு பித்தளைத் தாழ்ப்பாள். திரை முழுக்க அது ஒன்றுதான். அதன் நுனியில் ஒரு சொட்டு மழைத்தண்ணீர் விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. பின்னால் ஏதோ வெள்ளையும் பச்சையுமாகக் கலங்கிக் கிடந்தது. அந்தக் கலங்கல்தான் வீடு.

"படத்தை நான் குறை சொல்லல சார். ஆனா நான் இரும்புக் கடை வைக்கலையே," என்றார் தரகர்.

படம் எடுத்தவர் காபித் தம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அந்த வீட்டு மாப்பிள்ளை. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். எல்லாரும் அவரைக் கண்ணாடிக்காரர் என்றுதான் சொல்வார்கள். பகல் முழுக்க அடுத்தவர்களை எதிரே உட்கார வைத்து, "இப்ப தெளிவாத் தெரியுதா, இப்ப?" என்று கேட்பது அவர் தொழில். கேமரா வாங்கியதிலிருந்து, எதையும் தெளிவாகக் காட்டக் கூடாது என்பது அவருடைய கலைக் கொள்கை.

கேமராவை ஆசைப்பட்டு வாங்கியிருந்தார். அதற்கு முன்னால் போனில் நன்றாகத்தான் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டில் நிற்க வைத்து எடுத்தால் எல்லார் தலையும் எல்லார் காலும் படத்தில் இருக்கும். கேமரா வந்த பிறகு கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் இணையத்தில் பாட வீடியோதான். முழுதையும் காட்டாதே, ஒரு துளியைக் காட்டு, மீதியைப் பார்ப்பவர் மனசு வரைந்துகொள்ளும் என்று ஒரு வாத்தியார் அதில் உருக்கமாகச் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் மாமியார் வீட்டை விற்கத் தாழ்ப்பாளை எடுத்துக் கொடுத்தார். பார்த்தவர்களின் மனசு வீட்டை வரையவில்லை. பித்தளை எவ்வளவு தேறும் என்று எடை போட்டது.

"வீட்டை விக்கச் சொன்னா தாழ்ப்பாளை விக்கிறீங்களே மாப்ள," என்றார் மச்சான். கண்ணாடிக்காரர் மனைவியின் அண்ணன் அவர். லாரி கம்பெனியில் மேனேஜர். எதைச் சொன்னாலும் மூட்டையை இறக்கி வைப்பதுபோல் சொல்வார்.

கண்ணாடிக்காரரின் மனைவி படத்தையும் கணவனையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குத்தான் கண்ணாடிக்காரர் அதிகம் பயந்தார்.

அப்போதுதான் மாமியார் காபி ஜாடியோடு சமையலறையிலிருந்து வந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல உயரம். ஊசி போடுவதற்கு முன்னால் பேசுகிற அந்த மெல்லிய, இனிமையான குரல் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. போனைக் கையில் வாங்கி, தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அப்ப இந்தப் படத்தைப் பாத்துட்டு வீட்டைக் கேட்டு ஒருத்தரும் வரலையா?" என்று தரகரிடம் கேட்டார்.

"ஒருத்தர்கூட இல்லம்மா."

மாமியார் தரகருக்கு இன்னும் அரைத் தம்ளர் காபி ஊற்றினார். பிறகு, மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "எனக்கு இதெல்லாம் தெரியாது. ஆனா படத்துல ஒரு உயிர் இருக்கு. அந்தச் சொட்டுத் தண்ணியைப் பாக்கும்போது மனசு என்னமோ பண்ணுது. நீங்களே எடுங்க மாப்பிள்ளை. வேற யாரும் எடுக்க வேணாம்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் கண்ணாடிக்காரரை யாரும் புகழ்ந்ததில்லை. மூக்குக்கண்ணாடியின் திருகாணி கழன்றால் மட்டும் அவரை எல்லாரும் நினைப்பார்கள். அவருக்குப் புரையேறியது. காபி என்று சொல்லிச் சமாளித்தார்.

வீடு விற்கிற யோசனை மச்சானுடையது. அப்பா காலமாகி, அம்மாவும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, இவ்வளவு பெரிய வீட்டில் ஒற்றை ஆளாக மாடிப்படி ஏறி இறங்குவானேன் என்று அவர் கேட்டார். விற்றுவிட்டால் ஆறு மாதம் மகன் வீடு, ஆறு மாதம் மகள் வீடு. மகளும் சரி என்றாள். இருவரும் வந்து உட்கார்ந்து சுற்றி வளைத்து விஷயத்தைச் சொன்னபோது, அம்மா அழுவார், சண்டை போடுவார் என்று தயாராக வந்திருந்தார்கள். அவரோ, "உங்க இஷ்டம்பா," என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டார். அந்த வாரமே ஆசாரியைக் கூப்பிட்டுச் சமையலறையில் புது அலமாரி அடித்தார். விற்கப் போகிற வீட்டுக்கு எதற்கு அலமாரி என்று மகள் கேட்டதற்கு, வாங்குகிறவர்கள் பாத்திரம் வைக்க வேண்டாமா என்றார். எவ்வளவு பெரிய மனசு என்று கண்ணாடிக்காரர் நினைத்துக்கொண்டார்.

தாழ்ப்பாள் கூட்டம் முடிந்த அடுத்த வாரம் மாமியார் அவரைக் கூப்பிட்டு, பழுப்புத் தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். உள்ளே ஒரு தடித்த புத்தகம். ஒளியையும் நிழலையும் பற்றியது. பழைய பிரதிதான், ஆனால், பைண்டிங் உறுதியாக இருந்தது.

"படிக்கிற ஆளுக்குத்தானே புத்தகம் வாங்கித் தரணும்," என்றார் மாமியார். "அவசரமே இல்ல. நிதானமாப் படிச்சுட்டு அப்புறம் படம் எடுங்க. வீடு எங்க ஓடிடப் போகுது?"

கண்ணாடிக்காரர் நிதானமாகப் படித்தார். வெளிச்சம் என்பது இருட்டின் நடுவில் கிடைக்கிற பரிசு என்றது புத்தகம். எல்லா விளக்கையும் போட்டு அறையைக் காட்டுவது கல்யாண மண்டபக்காரன் வேலை என்றது. படித்து முடித்ததும், இவ்வளவு நாள் டியூப்லைட் வெளிச்சத்தில் வாழ்ந்துவிட்டோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டாண்டும் கேமராவுமாக மாமியார் வீட்டுக்குப் போய் ஹாலில் நின்றார். மாமியார் பம்பரமாகச் சுழன்று உதவி செய்தார். ஒரு ஜன்னலைச் சாத்தினார், திரையை இழுத்துவிட்டார், பிறகு இன்னொரு ஜன்னலையும் சாத்தினார். "இப்ப போதுமா மாப்பிள்ளை, இன்னும் கொஞ்சம் இருட்டாக்கணுமா?" என்று அக்கறையோடு கேட்டார். மனைவி வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, "அம்மா, நீ வேற ஏத்தி விடாத," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

படம் அற்புதமாக வந்திருந்தது. ஒரே கறுப்பு. கறுப்புக்கு நடுவில் மேலேயிருந்து சாய்வாக ஒரு கீற்று வெளிச்சம். அந்த வெளிச்சம் விழுந்த இடத்தில், காலியாக ஒரு சாய்வு நாற்காலி.

தரகருக்கு மூன்று போன் வந்தது. முதல் ஆள், கரண்ட் பில் எத்தனை மாதமாகப் பாக்கி என்று கேட்டார். இரண்டாவது ஆள், நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் எப்போது தவறினார், எந்த அறையில் என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார். மூன்றாவது ஆள் ஒன்றுமே கேட்கவில்லை. அந்த மாதிரி இடங்களைச் சுத்தம் செய்து தருவதாகவும், தன்னிடம் சாமான்கள் இருப்பதாகவும், திருப்தியானால் பணம் கொடுத்தால் போதும் என்றும் சொன்னார்.

தெருவில் பேச்சுக் கிளம்பியது. எதிர் வீட்டுக்காரர் மாமியாரை வாசலில் நிறுத்தி, வீட்டில் ஏதாவது நடமாட்டம் தெரிகிறதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். மாமியார் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால், அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தனக்கு எந்தத் தொந்தரவும் செய்வதில்லை என்று சொன்னாராம்.

மச்சான் போனில் கத்தினார். கண்ணாடிக்காரர் தவறைச் சரிசெய்ய முடிவெடுத்தார். இருட்டுதான் பிரச்சினை என்றால் வெளிச்சத்துக்குப் போக வேண்டியதுதான். இதை மாமியாரிடம் சொன்னதும் அவர் தலையை ஆட்டினார். இரண்டு நாளில் இன்னொரு பொட்டலம் வந்தது. இந்த முறை மெல்லிய புத்தகம்; பாதிப் பக்கம் வெறும் வெள்ளையாக இருந்தது. வெற்றிடத்தைப் பற்றியது. சட்டத்துக்குள் பொருளை அடைத்து வைப்பது மூட்டை கட்டுகிற வேலை, கலைஞன் காலியிடத்தைப் படமெடுக்கிறான் என்று அதில் இருந்தது. மூட்டை என்றதும் அவருக்கு மச்சான் ஞாபகம் வந்தது. கலைஞனாகவே இருந்துவிடுவது என்று தீர்மானித்தார்.

மொட்டைமாடிக்கு ஏறி, மல்லாந்து படுத்து எடுத்தார். படத்தில் வானம். நல்ல நீல வானம், மேகம்கூட இல்லை. கீழ் ஓரத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்குத் தண்ணீர்த் தொட்டியின் மூடி.

இந்த முறை தரகர் படத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் ரத்த அழுத்தம் ஏறுகிறது என்று சொல்லி, விளம்பரத்தின் ரகசிய எண்ணைக் கண்ணாடிக்காரரிடமே கொடுத்து, நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

வெற்றிடம் வேண்டும் என்று, மேலேயிருந்த வரியில் 'உடனே விற்பனைக்கு' என்பதை மட்டும் விட்டு அவர் படத்தைப் போட்டார். மூன்றாம் நாள் காலையில், மாமியார் வீட்டு வாசலில் ஒரு வேன் நின்றது. ஒரு பெரிய மனிதர் இறங்கினார். கூடவே அளவு நாடாவோடு ஒருவர், கிணறு தோண்டுகிற இயந்திரம் வைத்திருக்கும் ஒருவர். அம்மாவைப் பார்க்க வந்திருந்த கண்ணாடிக்காரரின் மனைவிதான் கதவைத் திறந்தாள். இங்கே காலி மனை விற்பனைக்கு இருப்பதாகப் பார்த்தோமே என்றார் பெரிய மனிதர். இது வீடு என்றாள் அவள். அது தெரிகிறது, எப்போது இடித்துக் கொடுப்பீர்கள் என்று கேட்டார் அவர். பேச்சு தடித்தது. போகிற போக்கில், காலி இடம் என்று போட்டுவிட்டு வீட்டைக் கட்டி வைத்து ஊரை ஏமாற்றுகிறார்கள் என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு வேனில் ஏறினார். கிணறு தோண்டுகிறவர் மட்டும் மாமியார் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு நன்றி சொல்லிப் போனார்.

அன்று சாயங்காலம் கடையை மூடுகிற நேரத்தில் மனைவி கண்ணாடிக்காரரின் எதிரே, கண் பரிசோதனை நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க ஒண்ணுமே கத்துக்காம இருந்த காலத்துல படம் நல்லாத்தானே எடுத்துட்டிருந்தீங்க?"

அவர் எழுத்துப் பலகையின் விளக்கை அணைத்தார்.

"அண்ணன் என்னைத்தான் திட்டறான். அம்மா அங்க தனியா இருக்கா. எனக்கு இங்க தூக்கம் வர மாட்டேங்குது. சும்மா வாசல்ல நின்னு, வீடு முழுசாத் தெரியற மாதிரி ஒரே ஒரு படம் எடுங்க. ஜன்னல் ஜன்னலா இருக்கணும், கதவு கதவா இருக்கணும். அவ்வளவுதான்."

அவள் கண் கலங்கியிருந்தது. கண்ணாடிக்காரருக்கு உள்ளே சுருக்கென்று குத்தியது. நாளைக்கே எடுக்கிறேன், நேராக நின்று எடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார். வாக்கை நிறைவேற்றுகிற எண்ணத்தோடுதான் மறுநாள் மாமியார் வீட்டுக்குப் போனார். ஆனால், மாமியார் மூன்றாவது புத்தகத்தோடு வராந்தாவில் காத்திருந்தார்.

அது மனிதர்களைப் பற்றியது. ஆள் இல்லாத வீட்டுப் படம் உடம்பில்லாத சட்டை மாதிரி என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. ஆளைத் தெரியாமல் எடுக்க வேண்டும். தெரிந்துவிட்டால் முகம் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். கண்ணாடிக்காரர் அங்கேயே உட்கார்ந்து படித்தார். இத்தனை நாள் இதுதான் குறைந்திருக்கிறது என்று அவருக்குப் பளிச்சென்று புரிந்தது. வீடு முழுசாகத் தெரியும்படியும் எடுக்கலாம், ஆளும் இருக்கலாம். மனைவிக்குக் கொடுத்த வாக்கும் கெடாது, கலையும் கெடாது.

அன்றைக்குப் பார்த்து மச்சானும் வந்திருந்தார். அம்மா கையால் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, பனியனோடு வராந்தா பெஞ்சில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். வாய் திறந்திருந்தது. ஒரு கை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. வயிறு மேலே போய்க் கீழே வந்தது. மாமியார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "எழுப்பிடாதீங்க மாப்பிள்ளை, வெளிச்சம் நல்லா விழுது," என்று கிசுகிசுத்தார்.

உண்மையைச் சொல்ல வேண்டும்: அந்தப் படத்தில் வீடும் இருந்தது. தூண் இருந்தது, ஜன்னல் இருந்தது. ஆனால், மச்சான் இருக்கிற படத்தில் வேறு எதைப் பார்க்கத் தோன்றும்?

விளம்பரத்தில் படம் ஏறிய மறுநாள், லாரி கம்பெனியில் டிரைவர்கள் ஓய்வெடுக்கிற அறைச் சுவரில் அதன் பெரிய பிரதி ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டியது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. மேனேஜரைப் பார்க்கும்போதெல்லாம் டிரைவர்கள் பவ்யமாகக் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தார்கள், தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல. அதையாவது மச்சான் பொறுத்துக்கொண்டிருப்பார். தரகருக்குப் போன் செய்த ஓர் அம்மாள், வீடு பிடித்திருக்கிறது, ஆனால் அந்தப் பெரியவரையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டுமா, அவருக்குச் சாப்பாடு நாம் போட வேண்டுமா என்று கேட்டிருந்தார். மச்சானுக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் தொழில்முறைப் படக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கண்ணாடிக்காரர் வாசலுக்கு வெளியே நிற்கலாம், கேமராவைத் தொடக் கூடாது என்று உத்தரவு. வந்த ஆள் இரண்டு குடை விளக்கைப் போட்டு, அகன்ற லென்ஸை மாட்டி, மளமளவென்று எடுத்துத் தள்ளினார். ஒரு புத்தகமும் படித்ததாகத் தெரியவில்லை. படங்கள் வந்தபோது கண்ணாடிக்காரரே அசந்துபோனார். ஹாலில் கால்பந்து ஆடலாம். குளியலறையில் குடும்பம் நடத்தலாம். சமையலறையின் புது அலமாரி ஒரு ரயில் நீளத்துக்கு இருந்தது.

அன்றைக்கு மாமியார் யாருக்கும் காபி போடவில்லை. தலைவலி என்று படுத்துவிட்டார்.

பழைய படங்களை எடுத்துவிட்டுப் புதுப் படங்களைப் போட்டார்கள். அடுத்த இரண்டு நாளில் போன் மேல் போன். ஆனால், எல்லாரும் கேட்டது ஒரே மாதிரி இருந்தது. அதே விலாசம், அதே போன் நம்பர். முதலில் தாழ்ப்பாள் விற்றீர்கள், அப்புறம் பேய் நாற்காலி, அப்புறம் காலி மனை, பிறகு தூங்குகிற பெரியவர், இப்போது அரண்மனையா, எந்த ஊர் அரண்மனையின் படத்தைத் திருடிப் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஒருவர் போலீசில் சொல்லப் போவதாகச் சொன்னார். பார்க்க வந்த ஒரே ஒரு தம்பதி, ஹாலுக்குள் நுழைந்து, மீதி ஹால் எங்கே என்று கேட்டார்கள்.

தரகர் நேரில் வந்து கும்பிட்டார். தனக்கு இந்தத் தொழிலில் ஒரு பெயர் இருக்கிறது என்றார். இந்த வீட்டை இனிமேல் இனாமாகக் கொடுத்தால்கூட, இதில் என்ன சூழ்ச்சி என்றுதான் கேட்பார்கள் என்றார். ஊர் மறக்கிறவரை, ஐந்தாறு வருஷம், இதைப் பற்றி மூச்சு விடாமல் இருப்பதுதான் நல்லது என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார்.

திரும்பவும் அதே சாப்பாட்டு மேசை. மச்சான் ரொம்ப நேரம் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மூட்டையை இறக்குகிற வேகம் இல்லாமல், களைத்துப்போன குரலில் சொன்னார்.

"சரிம்மா. நீ இங்கயே இரு. நாங்க வாரா வாரம் மாத்தி மாத்தி வந்து பாத்துக்கறோம்."

"உங்க இஷ்டம்பா," என்றார் மாமியார். துணி மடிக்கப் போனார்.

கண்ணாடிக்காரரால் அங்கே உட்கார முடியவில்லை. ஒரு வயதான பெண்மணி, தன்னை நம்பிய ஒரே ஆள், இனி இந்த மாடிப்படியில் தனியாக ஏறி இறங்கப் போகிறார். அதற்குக் காரணம் தன்னுடைய கலை. மாமியார் பின்னாலேயே போய், அறை வாசலில் நின்றார்.

"என்னாலதான் அத்தை எல்லாம் இப்படி ஆச்சு."

மாமியார் ஒரு தலையணை உறையை நாலாக மடித்து, நீவி வைத்தார். அவர் நிமிர்ந்தபோது, எப்போதும் இல்லாத ஒரு தடுமாற்றம் முகத்தில் தெரிந்தது.

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க மாப்பிள்ளை. நீங்க எனக்கு ஒரு குறையும் வைக்கல," என்றார். கொஞ்சம் பொறுத்து, "நாளைக்கு மதியம் இங்க சாப்பிட வாங்க," என்றார்.

இவ்வளவு நடந்தும் சாப்பிடக் கூப்பிடுகிறாரே என்று கண்ணாடிக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் ஒரு முடிவுக்கு வந்தார். கேமராவைத் துணியில் சுற்றிப் பீரோவின் மேல் தட்டில் வைத்தார். பாட வீடியோக்களையெல்லாம் போனிலிருந்து அழித்தார். மாமியார் வாங்கிக் கொடுத்த மூன்று புத்தகங்களையும் ஒரு பையில் போட்டுக்கொண்டார். அவற்றைக் கண்ணால் பார்க்கவே அவருக்குத் தெம்பில்லை. மனைவி வாசல் வரை வந்து, "எடுக்கறதை நான் விடச் சொல்லலையே," என்றாள். அவர் கேட்காததுபோல் நடந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒரு பழைய புத்தகக் கடை இருந்தது. கடை என்றால் ஓர் அகலமான சந்துக்குக் கூரை போட்டது. இரண்டு பக்கமும் கூரை வரை புத்தகம். நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகலாம். அந்த இடுக்கின் கோடியில் கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து, கிழிந்த அட்டைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரர் பையை அவர் முன்னால் வைத்து, எடுத்துக்கொள்ள முடியுமா, விலை எதுவானாலும் சரி என்றார்.

கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு முதல் புத்தகத்தைப் பிரித்தார். இரண்டாவதைப் பிரித்தார். மூன்றாவதைப் பிரிக்கவில்லை, அட்டையைப் பார்த்தே சிரித்தார்.

"மூணும் நம்ம கடையிலேர்ந்து போனதுதான் சார். இதுக்கு நான்தான் பைண்டிங் பண்ணினேன். நல்ல உயரமா ஒரு அம்மா, ஆஸ்பத்திரியில நர்ஸா இருந்தவங்க, அவங்க வாங்கிட்டுப் போனாங்க. நீங்க அவங்களுக்கு வேண்டப்பட்டவரா?"

தெரிந்தவர்தான் என்று மட்டும் சொன்னார் கண்ணாடிக்காரர். இந்தச் சந்துக்குள் மாமியார் ஒருக்களித்து நுழைந்து, தூசியில் தும்மிக்கொண்டு, மருமகனுக்காகப் புத்தகம் தேடியிருக்கிறார் என்று நினைத்தபோது நெஞ்சு விம்மியது.

கடைக்காரருக்குப் பேச்சுத் துணை கிடைத்துவிட்டது. அந்த அம்மா சும்மா வாங்கிவிட்டுப் போகிற ரகம் இல்லை என்றார். வந்தால் அரை நாள் உட்கார்ந்து, புகைப்படக் கலை பற்றி இருக்கிற எல்லாப் புத்தகத்தையும் இறக்கச் சொல்லி, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துத்தான் எடுப்பார்களாம். மருமகனைப் பற்றி அவ்வளவு பெருமையாகப் பேசுவார்களாம். எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் அதில் இருக்கிறபடி அப்படியே செய்துவிடுவார், அந்த வீட்டில் தான் நம்பியிருக்கிற ஒரே ஆள் அவர்தான் என்பார்களாம்.

கண்ணாடிக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தப் பெருமைக்குத் தான் தகுதியில்லாமல் போனதை நினைத்து, ஒரே ஓர் ஆறுதலையாவது வாங்கிக்கொண்டு போகலாம் என்று கேட்டார்.

"இருக்கறதுலயே நல்ல புத்தகமாப் பாத்துத்தான் வாங்கியிருப்பாங்க, இல்லையா?"

"நல்ல புத்தகம்னா, முதல் நாளே ஒண்ணு எடுத்துக் குடுத்தேன் சார்," என்றார் கடைக்காரர், திரும்பவும் பசைத் தூரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு. "நின்னுக்கிட்டே பத்துப் பக்கம் படிச்சுப் பாத்தாங்க, அப்புறம், 'இது வேணாம்பா, இதை எங்க மாப்பிள்ளை படிச்சார்னா வீடு வித்துப்போயிடும்'னு திருப்பிக் குடுத்துட்டாங்க."